தனி உதவியாளர் வேலை: நர்சிங் படிக்காதவர் சேரலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விபத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் அடிபட்டு, கைகால்கள் செயலிழந்த ஒருவர் தனக்கு ஒரு தனி உதவியாளர் தேடுகிறார். சக்கர நாற்காலியில்தான் வேலைக்குப் போய்வருகிறார். அந்த வேலை உங்களுக்குக் கிடைக்கும் போலிருக்கிறது. நீங்கள் நர்சிங் படித்ததில்லை, வீட்டில் யாரையும் பார்த்துக்கொண்டதும் இல்லை. "என்னால் முடியுமா? தெரியாமல் ஏதாவது செய்து அவருக்கு ஆபத்தாகிவிட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நானும் ஒன்றும் தெரியாமல்தான் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடங்களில் மூன்று பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். முதலாமவர், உங்களுக்கு வாய்த்திருப்பவரைப் போலவே தண்டுவடக் காயம் பட்டவர். அடுத்து, தசைச் சிதைவு நோய் உள்ள ஒரு கல்லூரி மாணவர். இப்போது, பெருமூளை வாதத்தோடு பிறந்த ஓர் அக்கா. மூவருக்கும் வேண்டிய உதவி மூன்று விதம். ஒருவரிடம் கற்றதை அப்படியே கொண்டுபோய் அடுத்தவரிடம் காட்டினால் அது தவறாகத்தான் முடிந்தது. அதனால் நர்சிங் படிக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் படிப்பும் உங்களுக்குச் சொல்லித் தராது. அவரே சொல்லித் தருவார். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவப் பயிற்சி இல்லாதவரே வேண்டும் என்று கேட்டு எடுப்பவர்களும் உண்டு. படித்துவிட்டு வருபவர் தங்களை நோயாளியாகப் பார்ப்பாரோ என்ற பயம்தான் காரணம்.

இந்த வேலையில் கடினமானது எது தெரியுமா? தூக்குவதோ, துடைப்பதோ, சிறுநீர் டியூப் மாற்றுவதோ இல்லை. அவையெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். முடிவு எடுக்காமல் இருப்பதுதான் கடினம்.

நான் முதலாமவரிடம் சேர்ந்த முதல் வாரம். அண்ணன் (அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்) நீலச் சட்டை கேட்டார். அது கொஞ்சம் கசங்கியிருந்தது. அவர் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற அக்கறையில் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, எனக்கு அம்மா இருக்காங்க. இல்லாதது கைதான்" என்றார். பேசாமல் போய் நீலச் சட்டையை எடுத்து வந்தேன். அன்றைக்குப் புரிந்ததைத்தான் இன்றுவரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கசங்கிய சட்டையோடு வெளியே போவது என்று முடிவெடுக்கும் உரிமை நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தச் சட்டையைப் போட்டுவிட இன்னொருவர் கை தேவைப்படுகிறது என்பதற்காக ஒருவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லாமல் போகக் கூடாது.

இது அண்ணன் ஒருவருடைய பிடிவாதம் இல்லை. தனி உதவியாளர் என்ற வேலையே இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். எட் ராபர்ட்ஸ் என்பவர் 14 வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தபோது, இரவில் மூச்சு விட அவருக்கு இரும்பு நுரையீரல் இயந்திரம் வேண்டியிருந்தது. அதை வைக்கத் தோதான விடுதி அறை இல்லாததால் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அடுத்தடுத்து அவரைப் போலவே கடுமையான உடற்குறையுள்ள மாணவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். தங்கள் உதவியாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே பழக்கி, சரிப்படவில்லை என்றால் தாங்களே அனுப்பவும் செய்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து 1972இல் பெர்க்லியில் சுயசார்பு வாழ்வு மையம் தொடங்கினார்கள். எந்த அரசுத் துறை ஒரு காலத்தில் ராபர்ட்ஸை வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று ஒதுக்கியதோ, அதே மறுவாழ்வுத் துறைக்கு 1975இல் அவரே தலைவரானார்.

ஸ்வீடனில் அடோல்ஃப் ராட்ஸ்கா இதைக் கூட்டுறவாக நடத்திக் காட்டினார். 1984இல் தொடங்கிய அந்த அமைப்பில் உதவியாளர்களை வேலைக்கு வைப்பது உதவி பெறுபவர்களேதான். 1994 முதல் அங்கே தனி உதவியாளர் வைத்துக்கொள்வது சட்டப்படியான உரிமை. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவிலும் தனி உதவி என்ற சொல் இருக்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழ அது வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆக, நீங்கள் சேரப்போவது பராமரிப்பு வேலையில் இல்லை. பராமரிப்பில், எது நல்லது என்பதைப் பார்த்துக்கொள்பவர் முடிவு செய்கிறார். இங்கே முடிவு அவருடையது. செய்வது மட்டும் நீங்கள்.

சரி, காலை வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பயமெல்லாம் அதில்தான் இருக்கும்.

அண்ணனைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். டியூப் வழியே சிறுநீர் சேரும் பையைக் காலி செய்வது, மலம் கழிக்க வைப்பது, குளிப்பாட்டுவது, துடைப்பது, உடுத்துவது, நாற்காலிக்கு மாற்றுவது. மலம் கழிக்க உதவுவது எப்படி என்று நினைக்கும்போதே உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். முதல் சில நாட்கள் எனக்கும் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும், அதுவும் ஒவ்வொரு புதிய உதவியாளர் வரும்போதும். கையுறை போட்டுக்கொண்டு, வேண்டிய இடத்தை மட்டும் திறந்து, மற்றதைத் துண்டால் மூடி, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் போதும். மூக்கைச் சுளிக்காதீர்கள். பேச்சுக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அண்ணன் அந்த நேரத்தில் வானொலிச் செய்தி கேட்பார், நானும் கேட்பேன்.

உணர்ச்சி இல்லாத தோலை எப்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும் நீர் சுடுகிறதா என்று அவரால் சொல்ல முடியாது. உங்கள் முழங்கையை நீரில் வைத்துப் பாருங்கள். சூடான பாத்திரத்தையோ லேப்டாப்பையோ அவர் மடியில் அப்படியே வைக்காதீர்கள். பேன்ட்டைப் போட்டுவிட்டதும் பின்பக்கத் தையலில் சுருக்கம் இருக்கிறதா, பாக்கெட்டில் நாணயம் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு நாணயத்தின் மேல் நாள் முழுதும் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வந்துவிடும், அது ஆறப் பல மாதங்கள் ஆகலாம். அத்தனை நாளும் அவர் வேலைக்குப் போக முடியாமல் குப்புறவோ ஒருக்களித்தோ படுத்தே கிடக்க வேண்டியிருக்கும்.

அதனால் காலையும் இரவும் வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால், உட்காரும் எலும்பு இருக்கும் இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கருநீலமாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை பாரத்தை மாற்ற வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடுவது பொதுவான பழக்கம். உங்களவருக்கு எவ்வளவு இடைவெளி என்பதை அவரிடமே கேளுங்கள்.

தண்டுவடக் காயம் உள்ளவரிடம் சேருவதற்கு முன்பே ஒன்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். அதன் பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது வரலாம். உங்களவருக்குக் கழுத்தில் காயம், எனவே அவருக்கும் வரக்கூடும். காயத்துக்குக் கீழே எங்கோ ஒரு தொந்தரவு நடக்கும்: சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், டியூப் மடிந்திருக்கும், மலம் கட்டியிருக்கும், பெல்ட் இறுக்கியிருக்கும், சில சமயம் காலில் வளைந்து உள்ளே வளரும் நகம் போதும். மூளைக்கு அந்தச் செய்தி போகாது, ஆனால் உடம்பு தன்பாட்டுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். தலை வெடிப்பது போல் வலிக்கும், முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கும், நாடி மெதுவாகும், காயத்துக்குக் கீழே தோல் சில்லிட்டிருக்கும். இதில் ஏமாற ஓர் இடம் இருக்கிறது. இவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் வழக்கமான மேல் அளவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதனால் கருவியில் 135 காட்டினால் விவரம் தெரியாதவர் "நார்மல்தானே" என்று விட்டுவிடுவார். இவருக்கு அது அபாயம்.

அப்போது படுக்க வைக்கவே கூடாது. படுத்திருந்தால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்க விடுங்கள். பெல்ட், காலுறை, சட்டைப் பொத்தான், இறுக்கிப் பிடிக்கும் எதுவானாலும் தளர்த்துங்கள். உடனே சிறுநீர் டியூபைப் பை வரைக்கும் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அழுத்தத்தைச் சில நிமிடத்துக்கு ஒரு முறை அளந்துகொண்டே இருங்கள். காரணம் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் இறங்கவில்லை என்றால் உடனே அவசர உதவிக்கு அழைத்துவிடுங்கள். பக்கவாதம்வரை கொண்டுபோகக் கூடியது இது. மருத்துவமனையிலும் இதைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்கலாம். அண்ணன் தன் பணப்பையில் ஒரு அட்டை வைத்திருந்தார். அவருடைய வழக்கமான அழுத்தம் எவ்வளவு, இது என்ன, என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். உங்களவரிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

தூக்குவதைப் பற்றி. பலசாலியாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மனிதரைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் 2007இல் வகுத்த வரம்பு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. உடம்பு கனத்த ஒருவரின் ஒரு காலே அந்த எடைக்கு அருகில் வந்துவிடும். அப்படியானால் முழு ஆளைத் தனியாகத் தூக்குவது உங்கள் முதுகுக்கு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். வழுக்குப் பலகையோ (கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வைத்து அவரை நகர்த்தும் பலகை) தூக்கும் கருவியோ இருந்தால் ஒவ்வொரு முறையும் அதையே பயன்படுத்துங்கள், அவசரமாக இருந்தாலும். நாற்காலியின் பிரேக் இரண்டு பக்கமும் போட்டாயிற்றா, கால் வைக்கும் தட்டு மடித்தாயிற்றா என்று பார்த்த பிறகே நகர்த்துங்கள். அக்குளில் கை கொடுத்து இழுக்கவே இழுக்காதீர்கள். செயலிழந்த தோள் மூட்டு எளிதில் நழுவிவிடும். எப்போது நகர்த்துவது என்று அவர் எண்ணிச் சொல்லட்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" அவர் வாயிலிருந்து வரும்போது தூக்கப்படும் பொருளாக அவர் இருப்பதில்லை. மெனக்கெட்டுச் சொல்வது போலிருக்கும், ஆனால் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

வெளியே போகும்போது இன்னொரு விதமான வேலை தொடங்குகிறது. எதிரே வருபவர்கள் அவரை விட்டுவிட்டு உங்களிடம் பேசுவார்கள். "இவருக்கு என்ன வேணும்?" என்று அவர் முன்னாலேயே உங்களைக் கேட்பார்கள். அப்போது நீங்கள் பதில் சொன்னால் அந்த இடத்தில் அவர் இல்லாமல் போய்விடுகிறார். நான் பேசாமல் அண்ணனைப் பார்ப்பேன். கேட்டவரின் கண்ணும் என் கண்ணோடு சேர்ந்து அவர் பக்கம் திரும்பிவிடும். பெரும்பாலும் அது போதும். போதாவிட்டால் அரை அடி பின்னால் நகர்ந்து நிற்பேன். அலுவலகக் கூட்டத்தில் அவருக்குத் தண்ணீர் கொடுப்பேன், தாள் புரட்டுவேன், அவர் சொல்வதை எழுதுவேன். எனக்கு ஒரு யோசனை தோன்றினாலும் சொல்ல மாட்டேன். அவர் சொல்லி எழுதும் கடிதத்தில் பிழை இருப்பது போல் தோன்றினால் தனியாக இருக்கும்போது ஒரு முறை கேட்பேன். அவர் அப்படியே இருக்கட்டும் என்றால் அப்படியே இருக்கும்.

அந்த "ஒரு முறை" முக்கியம். மழையில் வெளியே போக வேண்டும் என்கிறார், சர்க்கரை இருந்தும் இனிப்பு கேட்கிறார், இரவு வெகுநேரம் நண்பர்களோடு இருக்க விரும்புகிறார். உங்களுக்குக் கவலை இருந்தால் ஒரு தடவை சொல்லுங்கள். இரண்டாவது தடவை சொன்னால் அது கண்டிப்பு. வளர்ந்த மனிதர் யாருக்கும் அது பிடிக்காது, அதுவும் தன்னால் எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பதென்றால் கொடுமை. ஆனால் உங்கள் உடம்புக்கு ஆபத்தானதையோ சட்டத்துக்குப் புறம்பானதையோ செய்யச் சொன்னால், "நான் செய்ய மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சாக்குச் சொல்லி நழுவுவதைவிட அதுவே மரியாதை.

அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது நான் ஏழு வருட அனுபவசாலி. அவருடைய பேச்சு இழுத்து இழுத்து வரும், பழகாதவர்களுக்குப் புரியாது. முதல் நாள் பாதி புரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் இப்போ என்ன சொன்னேன், சொல்லு" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அப்புறம் அவரே வழி சொன்னார்: புரிந்த வரைக்கும் திருப்பிச் சொல், மிச்சத்தை மட்டும் நான் மறுபடி சொல்கிறேன். வாக்கியத்தை அவருக்காக முடித்து வைப்பதும் கூடாது. அவர் மூன்று நிமிடம் எடுத்துச் சொன்னால் மூன்று நிமிடமும் காத்திருக்க வேண்டும். புரியாததைப் புரிந்ததாகக் காட்டுவது அவரை மதிப்பது ஆகாது. அதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். "சாப்பிட்டானா? யாரோடு பேசினான்? எங்கே போனீங்க?" என்று உங்களைத் தனியாகக் கேட்பார்கள். "அவரிடமே கேளுங்கம்மா" என்று பணிவாகச் சொல்லிப் பழகுங்கள். ஒருவரின் குளியலறை முதல் வங்கிக் கணக்கு வரை உங்கள் கண்ணில் படும். அங்கே பார்த்ததும் கேட்டதும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. அவருடைய படத்தை எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், நல்ல எண்ணத்தில்கூட.

உங்கள் பக்கத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை நேரம், சம்பளம், வார விடுப்பு, கூடுதல் நேரத்துக்கு என்ன, உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் வருவார் என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய துணியைத் துவைப்பது உங்கள் வேலை. வீட்டில் எல்லோருடைய துணியையும் துவைப்பது இல்லை. இதைத் தொடக்கத்தில் பேசாமல் விட்டு, உள்ளுக்குள் புழுங்கி, ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுபவர்கள் உண்டு. அப்படி நின்றால் மறுநாள் காலை அவர் கட்டிலிலேயே கிடப்பார். போவதானால் முன்கூட்டியே சொல்லி, அடுத்து வருபவருக்குச் சில நாள் கூடவே இருந்து பழக்கிவிட்டுப் போங்கள்.

தாமதமும் அப்படித்தான். ஒரு நாள் மழையில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன். கைப்பேசியில் சொல்லிவிட்டோமே என்ற நிம்மதியில் இருந்தேன். போய்ப் பார்த்தால் சிறுநீர் சேரும் பை நிரம்பி, அண்ணனுக்குத் தலைவலி தொடங்கி, நெற்றி வியர்த்துக்கொண்டிருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்துப் பையைக் காலி செய்ததும் அழுத்தம் இறங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு மாற்று ஆள் ஒருவரின் எண் சுவரில் ஒட்டப்பட்டது, நான் அரை மணி முன்னதாகக் கிளம்பத் தொடங்கினேன்.

யார் வரக் கூடாது என்றும் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்: புண்ணியம் தேடி வருபவர்கள் வர வேண்டாம். இரக்கத்தில் வருபவர்கள் நன்றியை எதிர்பார்ப்பார்கள். தினமும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே ஒருவரால் வாழ முடியாது. இதைச் சம்பளம் வாங்கும் ஒரு நல்ல தொழிலாக நினைத்து வாருங்கள், அதுதான் இருவருக்கும் நல்லது.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அவரோடு இருந்து பாருங்கள், முடிந்தால் இப்போதிருக்கும் உதவியாளர் வேலை செய்யும் நாளில். "உங்களுக்கு எது பிடிக்காது?" என்று அவரிடம் கேளுங்கள். பிடித்ததைவிட அதைத்தான் மனிதர்கள் தெளிவாகச் சொல்வார்கள். போகும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தூக்கும்போது அவை தோலைக் கீறிவிடும். கீறியது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.